குணமடைந்தவன் வழங்கும் நன்றியுரை



நன்றியுரை சொல்ல எழுந்திருக்கிறேன். நம் ஊரில் நன்றியுரைக்கென்று ஒரு தலைவிதி உண்டு. அதைச் சொல்பவன் மைக்கைத் தொடும்போது பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள், மீதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள், மேடையில் இருக்கும் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். எனக்கும் அதே கதிதான். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதியே கொரோனா அவசரநிலையை விலக்கிக்கொண்டுவிட்டது. பந்தல் பிரித்தாயிற்று. நோயாளி வீட்டு வாசலில் அடித்த தகரத்தைக்கூட ஒப்பந்தக்காரர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நான் மட்டும் மைக்கைப் பிடித்தபடி நிற்கிறேன். இன்னொரு கை மேசையைப் பிடித்திருக்கிறது. ரொம்ப நேரம் நின்றால் தலை சுற்றும்.

யாரப்பா நீ என்பீர்கள். 2021 மே மாதத்தில் தினமும் சாயங்காலம் சுகாதாரத் துறை ஓர் அறிக்கை விடுமே, ஞாபகமிருக்கிறதா? இன்று தொற்று இத்தனை, இறப்பு இத்தனை, ‘குணமடைந்து வீடு திரும்பியோர்’ இத்தனை. அந்த மாதம் 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. அதற்குச் சில நாள் கழித்து வந்த அறிக்கையில் வீடு திரும்பியோர் தொகையில் ஒன்று நான். நான் திரும்பாமல் போயிருந்தால் அந்த நல்ல எண்ணில் ஒன்று குறைந்திருக்கும். அரசாங்கத்துக்கு என்னால் ஆன உபகாரம்.

தொழில், அச்சகத்தில் பிழை திருத்துவது. முப்பது வருஷமாக, பிறர் எழுதியதில் விடுபட்டதைத் தேடிப் பிடித்து ஓரத்தில் குறித்துக்கொண்டிருப்பவன். அதனால் நன்றியுரையில் யாரையும் விட்டுவிடக் கூடாதே என்ற கவலை எனக்குக் கொஞ்சம் கூடுதல். வரிசையாகவே வருகிறேன்.

முதல் நன்றி, விழாவைத் தொடங்கி வைத்தவர்களுக்கு. 2020 மார்ச் 22, மாலை 5 மணி, பிரதமர் ஓசை எழுப்பச் சொன்ன நேரம். தட்டு, கரண்டி, பூஜை மணி. எங்கள் தெருவில் பையன்கள் தட்டைத் தட்டிக்கொண்டு ஊர்வலமே போனார்கள். ஒருவரை ஒருவர் நெருங்கக் கூடாது என்று ஊருக்குச் சொல்ல, தோளோடு தோள் உரசிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவிலிருந்து நாடே பூட்டு. நாலு மணி நேர அவகாசம். கல்யாண மண்டபத்தைக் காலி செய்யக்கூட மேனேஜர் அதைவிட அதிக நேரம் தருவார். பெட்டியின் மேல் தூங்கும் குழந்தையோடு அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தாளே ஒரு தாய், அவளுக்கு இந்த நேரத்தில் நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. பிரதமர் சொன்னார் என்று ஏப்ரல் 5, இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றினோம். வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் எத்தனை, வென்டிலேட்டர் எத்தனை என்பதைத் தவிர.

‘கோ கொரோனா’ என்று கோஷம் போட்டே கிருமியை விரட்டப் பார்த்த மத்திய அமைச்சருக்கும், ஒரு அப்பளத்தைக் கையில் பிடித்து, இது எதிர்ப்பு சக்தி தரும் என்று 2020 ஜூலையில் அறிமுகம் செய்த இன்னொரு மத்திய அமைச்சருக்கும் நன்றி. அதே வருஷம் இரண்டு பேருக்கும் கொரோனா வந்தது. வந்ததும் இருவரும் போனது கோஷம் போடவோ அப்பளம் பொரிக்கவோ அல்ல, நல்ல ஆஸ்பத்திரிக்கு. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் காட்டிய அறிவியல் மனப்பான்மையை இந்த அவை பாராட்டுகிறது.

அடுத்து, மருந்து தந்த வள்ளல்களுக்கு. உலகமே மருந்து தேடி முழித்துக்கொண்டிருந்தபோது, 2020 ஜூன் 23ஆம் தேதி ஹரித்வாரில் பதஞ்சலி நிறுவனம் ‘கொரோனில்’ வெளியிட்டது. ஏழு நாளில் நூற்றுக்கு நூறு குணம் என்றார் ராம்தேவ். அன்றைக்கே விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது ஆயுஷ் அமைச்சகம். இதில் சென்னைக்காரர்களுக்குத் தனிப் பெருமை ஒன்று உண்டு. கொரோனில் என்ற பெயரை 1993லேயே சென்னை நிறுவனம் ஒன்று பதிவு செய்து வைத்திருந்தது. தொழிற்சாலை இயந்திரங்களைச் சுத்தம் செய்யும் ரசாயனத்துக்கு! வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. தனி நீதிபதி 10 லட்சம் ரூபாய் செலுத்தச் சொன்னார். பிறகு இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. 2021 பிப்ரவரியில் மறுபடியும் அதே மருந்துக்கு விழா. இம்முறை மேடையில் மத்திய சுகாதார அமைச்சரே உட்கார்ந்திருந்தார். அவரே ஒரு மருத்துவர். எந்தப் பாரம்பரிய மருந்தையும் கொரோனாவுக்கு நாங்கள் ஆராய்ந்து சான்று தரவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2024இல், பதஞ்சலியின் தவறான விளம்பரங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கேள்வி கேட்டது. நீங்கள் பத்திரிகையில் போட்ட மன்னிப்பு, உங்கள் மருந்து விளம்பரத்தின் அளவுக்கு இருந்ததா? முப்பது வருஷ அனுபவத்தில் நான் சொல்கிறேன் ஐயா: பிழை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வரும், திருத்தம் ஏழாம் பக்கத்தில் எறும்பெழுத்தில் வரும். இது அச்சுத் தொழிலின் தர்மம். நாட்டின் தர்மமும் அதுவே என்று கொரோனாவில்தான் தெரிந்தது.

வடக்கைச் சொல்லிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. கபசுரக் குடிநீரை நானும் குடித்தேன். சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, நிலவேம்பு என்று பதினைந்து சரக்கு. என் மனைவி வேளை தவறாமல் காய்ச்சித் தருவாள். கசப்பு தொண்டையை விட்டு இறங்க ஒரு மணி நேரம் ஆகும். கஷாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ‘எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள், கொடுக்காத எத்தனை பேரோடு ஒப்பிட்டீர்கள்?’ என்று கேட்டவனிடம் ‘நீ தமிழனா?’ என்று திருப்பிக் கேட்டார்களே, அவர்களோடுதான் சண்டை. மருந்துக்குச் சான்று கேட்டால் கேட்டவனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்பது எந்தச் சித்தர் சொன்ன முறை? தெருமுனையில் குக்கர் வைத்து, குழாய் போட்டு, ஊருக்கே ஒரே குழாயில் ஆவி பிடிக்கவைத்த தொண்டர்களுக்கும் நன்றி. பொது இடத்தில் இப்படிச் செய்தால் நோய்தான் பரவும் என்று தமிழக சுகாதார அமைச்சரே கெஞ்ச வேண்டிவந்தது. கோவை இருகூரில் 2021 மே மாதம் ‘கொரோனா தேவி’க்குச் சிலையே வைத்துவிட்டார்கள். அந்தத் தேவியாவது எதற்கும் உத்தரவாதம் தரவில்லை. இத்தனை பேரில் அவள் ஒருத்திதான் நேர்மையானவள்.

இவ்வளவையும் வாங்கி விழுங்கிய அதே வாய், தடுப்பூசிக்கு மட்டும் ஆதாரம் கேட்டது. 2021 ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள், மத்திய அரசின் குழுவும் ஆராய்ந்து அதையே சொன்னது. ஊருக்கு நல்லது சொல்லிவிட்டுப் போன மனிதரின் சாவையே ஊசிக்கு எதிரான விளம்பரமாக்கினோம். எங்கள் பேட்டையில் அடுத்த வாரம் ஊசி போடும் மையத்தில் ஈ ஓடியது. பக்கத்தில் கஷாயம் கொடுத்த இடத்தில் வரிசை.

நாட்டு மருந்துக்காரர்களை மட்டும் சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டுகளை விட்டால் நான் பிழை திருத்துபவன் அல்ல. ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரையை மருத்துவப் பணியாளர்கள் தடுப்பாகச் சாப்பிடலாம் என்று 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதமே பிரிட்டனின் பெரிய ஆய்வு, ஆஸ்பத்திரியில் சேர்ந்த நோயாளிகளுக்கு இதனால் பயனில்லை என்றது. நம் வழிகாட்டுதலிலிருந்து அந்த மாத்திரையும் ஐவர்மெக்டினும் போனது 2021 செப்டம்பரில். பிளாஸ்மா கதை இன்னும் விசேஷம். நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது. நோய் முற்றுவதையும் சாவையும் அது தடுக்கவில்லை என்று 2020 அக்டோபரில் கட்டுரை வந்தது. சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மே 17. நடுவில் ஏழு மாதம், ‘ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம், பகிரவும்’ என்று வாட்ஸப்பில் ஒவ்வொரு குடும்பமும் முன்பின் தெரியாதவர்களின் காலில் விழுந்துகொண்டிருந்தது. தானே செய்த ஆய்வைத் தானே படிக்க ஏழு மாதம் ஆயிற்று. நானாக இருந்தால் ஒரே ராத்திரியில் மெய்ப்பு பார்த்துக் கொடுத்திருப்பேன்.

ஒரு மருந்து நிச்சயமாக உயிர் காத்தது. டெக்சாமெதசோன். பழைய மருந்து, சில ரூபாய் சமாச்சாரம். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் கொடு, லேசான நோய்க்குக் கொடுக்காதே என்பது நிபந்தனை. நாம்தான் மருந்தை ஆதரிப்போமே தவிர நிபந்தனையை ஆதரிக்க மாட்டோமே. காய்ச்சல் வந்த மறுநாளே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் எத்தனை பேர்! சர்க்கரை எகிறி, கருப்புப் பூஞ்சை வந்து, உயிரைக் காப்பாற்றக் கண்ணைத் தோண்ட வேண்டிவந்தவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்?

இப்போது என் மச்சினனுக்கு நன்றி. நான் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தபோது, ‘ஆறு ரெம்டெசிவிர் வேணும், வெளியில வாங்கிட்டு வந்துடுங்க’ என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். மச்சினன் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலுக்குப் போனான். அரசு விலையில் அங்கேதான் கொடுத்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பாசிட்டிவ் ரிப்போர்ட், சிடி ஸ்கேன், டாக்டர் சீட்டு, என் ஆதார், அவன் ஆதார், எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு ஜெராக்ஸ். ராத்திரி முழுக்க நடைபாதையில் வரிசை. ஒன்றுக்குப் போகிறவர்கள் இடத்தைப் பிடிக்கச் செருப்பு, தண்ணீர் பாட்டில், செங்கல் என்று வைத்துவிட்டுப் போவார்களாம். விடிகாலையில் அவனுக்கு முன்னால் இருந்த ஆளுக்குப் போன் வந்தது. பேசினார். பேசி முடித்துவிட்டு, வரிசையை விட்டு விலகாமல் அப்படியே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். ‘இனிமே வேணாம்’ என்று மட்டும் சொன்னார். தன் செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த இடத்துக்கு என் மச்சினன் ஓர் அடி முன்னே நகர்ந்தான். ‘மாமா, அந்த ஒரு அடியை நினைச்சா இன்னிக்கும் தூக்கம் வரலை’ என்பான்.

டோக்கன் தீர்ந்துவிட்டது. வெளியே ஒருவர் குப்பிக்கு இருபதாயிரம் என்றாராம். என் மனைவியின் வளையல் போயிற்று. மருந்து வந்தது. இத்தனைக்கும், நோய் எவ்வளவு கடுமையானாலும் சரி, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு ரெம்டெசிவிர் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர் 20ஆம் தேதியே சொல்லியிருந்தது. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஆரம்பக் கட்டத்தில் தரலாம் என்று நிபந்தனையோடு சொன்னது 2022இல். இந்தச் சங்கதி அந்த நடைபாதையில் யாருக்கும் தெரியாது. சீட்டு எழுதியவருக்குத் தெரியாதா? தெரிந்தே எழுதினார் என்றால் அவருக்கு ஒரு நன்றி, தெரியாமல் எழுதினார் என்றால் அவருக்குப் பட்டம் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி.

அந்த ஆஸ்பத்திரியின் பில்லுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பிழை திருத்துபவன் வாழ்நாளில் படித்த மிகச் சிறந்த கற்பனைப் படைப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2020 ஜூனிலேயே தமிழக அரசு உச்சவரம்பு போட்டிருந்தது. பில்லில் படுக்கைக் கட்டணம் சரியாக 15,000. சட்டத்தை மதிக்கிறவர்கள். அதற்குக் கீழேதான் இலக்கியம். கவச உடை ஒரு நாளைக்கு எட்டு. அந்த வார்டில் அத்தனை பேர் வந்து நான் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதற்கு ‘சீனியர் டாக்டர் விசிட்’. வாயில் மாஸ்க் மாட்டித் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தவனுக்கு ‘உணவு ஆலோசனை’. மூன்றாம் நாள் சாயங்காலம், ‘ஆக்சிஜன் கொஞ்சம் டைட்டா இருக்கு, வேற இடம் பார்த்துக்கோங்க’ என்றார்கள். காசு தீர்ந்ததும் காற்றும் தீர்ந்தது.

அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையாக நின்றன. எங்கள் வண்டிக்குள்ளேயே மூன்று மணி நேரம். சிலிண்டரின் முள் இறங்குவதை என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மே மாதம் 4ஆம் தேதி இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறை காரணமல்ல என்றது நிர்வாகம். இரண்டு மாதம் கழித்து, ஜூலை 20ஆம் தேதி மாநிலங்களவையில் மத்திய அரசு எழுத்து மூலம் பதில் சொன்னது: ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்களிடமிருந்து ‘குறிப்பாகத் தெரிவிக்கப்படவில்லை’. என் தொழில் கண்ணோடு அந்த வாக்கியத்தைப் பார்த்தேன். ஓர் எழுத்துப் பிழை கிடையாது. செயப்பாட்டு வினை. எழுவாய் இல்லை. செய்தவன் இல்லை, செத்தவனும் இல்லை. மூச்சுக்குத் தவித்த ஓர் ஊரையே இலக்கணத்துக்குள் போட்டுப் புதைக்க முடியும் என்று காட்டிய அந்த அதிகாரியின் கைக்கு ஒரு மோதிரம் போட வேண்டும்.

கடைசியில் கட்டில் கிடைத்த அரசு ஆஸ்பத்திரி வார்டில் எனக்குத் திரும்ப மூச்சு வந்தது ஒரு செவிலியரால். கவச உடைக்குள் முகம் தெரியாது, அதனால் முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருப்பார். ‘அண்ணா, குப்புறப் படுங்க. கஷ்டமாத்தான் இருக்கும். இன்னும் அரை மணி நேரம்.’ ராத்திரியில் ஆறு தடவை வந்து இதையே சொல்வார். தலையணையை அவரே நகர்த்தி வைப்பார். விரலில் மாட்டிய கருவியில் 84 என்று இருந்தது 91 ஆனது. மருந்துக்காக வளையல் போனது. இந்தக் கைக்கு நாங்கள் கொடுத்தது ஒன்றுமில்லை.

2020 மே 3ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் பூத் தூவின. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல், 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு பணி முடிந்தது என்று தமிழகத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். வேறு திட்டத்தில் மறுபடியும் ஒப்பந்த வேலை தருகிறோம் என்றது அரசு. பூத் தூவ ஹெலிகாப்டர் இருந்தது, வேலையை நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போட ஒரு பேனா இல்லை.

சரி, குணமானேன். எப்படித் தெரியும்? 2020 மே 8ஆம் தேதியிட்ட விதி சொன்னது: லேசான நோயாளிக்குப் பத்து நாள் ஆகி, மூன்று நாள் காய்ச்சல் இல்லையென்றால் மறு பரிசோதனைகூட வேண்டாம், அனுப்பிவிடலாம். கட்டில் கிடைக்காத காலத்தில் அது நியாயமான விதி. அதில் குறை சொல்ல மாட்டேன். அவர்களையும் என்னைப் போல் கடுமையாகப் படுத்தவர்களையும் அனுப்பிய மாத்திரத்தில் ‘குணமடைந்தோர்’ என்று எழுதினார்களே, அங்கேதான் சொற்பிழை. வீடு திரும்பியது நிஜம். குணம் திரும்பியதா என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

எங்கள் வீடு இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. முப்பத்தெட்டுப் படி. பத்தொன்பதாவது படியில் ஒரு பழைய ஸ்டூல் போட்டிருக்கிறோம், எனக்காக. நாலு வருஷத்துக்கு மேலாகிறது, ஸ்டூல் இன்னும் அங்கேதான். வேலைக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வந்தது. மூன்று தடவை படித்துக் கையெழுத்துப் போட்டேன். ஐந்நூறு பிரதி ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. ‘பிரிவால் வாடும் குடும்பத்தார்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பிரிவால் பாடும் குடும்பத்தார்’ என்று இருந்தது. முப்பது வருஷத்தில் என் கண்ணைத் தாண்டாத பிழை. எழுத்து தெரிந்தது, சொல் தெரியவில்லை. மூளைக்குள் பனி இறங்கிய மாதிரி இருக்கும் என்று சொன்னால், ‘வயசாகுதுல்ல சார்’ என்றார் முதலாளி.

ஒரு டாக்டர், ரிப்போர்ட் எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைங்க என்றார். இன்னொருவர், தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சரியாகிவிடும் என்றார். மூன்று நாள் நடந்தேன், பன்னிரண்டு நாள் படுத்தேன். மூன்றாமவர் புரோட்டீன் பவுடர் எழுதினார், அது அவர் கிளினிக்கிலேயே கிடைத்தது. இந்த நோய்க்கு லாங் கோவிட் என்று பெயர் வைத்ததே 2020இல் நோயாளிகள்தான், டாக்டர்கள் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறை தந்தது: தொற்று வந்து மூன்று மாதம் ஆன நிலையிலும் இருப்பது, இரண்டு மாதமாவது நீடிப்பது, வேறு நோயால் விளக்க முடியாதது. சோர்வு, மூச்சிரைப்பு, மறதி. தொற்று வந்த நூறு பேரில் சுமார் ஆறு பேருக்கு என்கிறது அதே நிறுவனம். இவர்களில் பலருக்கு, உடம்பை வருத்தினால் நோய் திரும்ப அடிக்கும். இதே சுபாவமுள்ள பழைய சோர்வு நோய் ஒன்றுக்கு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை பிரிட்டனின் வழிகாட்டுதல் 2021இல் கைவிட்டது. நோயாளிகள் வருஷக்கணக்கில் மன்றாடிய பிறகு. இருக்கிற தெம்பை மாதக் கடைசிச் சம்பளம் மாதிரி எண்ணி எண்ணிச் செலவு செய்யுங்கள் என்று எனக்குச் சொன்னது ஓர் அரசு டாக்டர். அவரைப் பார்க்க ‘கோவிட் பிந்தைய சிகிச்சைப் பிரிவு’ என்ற அறையைத் தேடிப் போனேன். பலகை இருந்தது. கதவு பூட்டியிருந்தது. டாக்டர் வேறு வார்டில் இருந்தார்.

அதனால், ‘இன்னுமா கொரோனாவைப் பேசிட்டிருக்க?’ என்று கேட்கிற அன்பர்களுக்கும் இந்த வேளையில் நன்றி. நீங்கள் மறந்துவிட்டீர்கள். அது உங்களுக்குக் கிடைத்த வரம். நான் பத்தொன்பதாவது படியில் உட்கார்ந்திருக்கும்போது என்னைத் தாண்டிக்கொண்டு மேலே போகிறீர்கள். போங்கள்.

நன்றியுரையின் கடைசி வரி உங்களுக்கே தெரியும். ‘யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் பெரிய மனதோடு பொறுத்தருள வேண்டும்.’ இங்கேதான் என் தொழில் குறுக்கே வருகிறது.

2020 ஜூலை 22ஆம் தேதி, சென்னையில் கணக்கில் சேராமல் விடுபட்ட 444 இறப்புகளை அரசு ஒரே நாளில் சேர்த்தது. அது எச்சரிக்கை. 2020இல் இந்தியாவில் பதிவான இறப்பு சுமார் 81 லட்சம். 2021இல் 1 கோடியே 2 லட்சம். ஒரே வருஷத்தில் இருபது லட்சத்துக்கு மேல் கூடுதல். அந்த 2021இல் கொரோனாவால் இறந்தவர்கள் என்று அரசு சொன்னது சுமார் 3.3 லட்சம். பதிவு செய்வது மேம்பட்டிருக்கும் என்பார்கள். அதற்கு முந்தைய வருஷம் கூடியது ஐந்து லட்சத்துக்கும் குறைவுதானே? இரண்டு வருஷத்தில் இந்தியாவில் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டபோது, கணக்குப் போட்ட முறை தவறு என்று சண்டை போட்டோம். நம்முடைய 2021 பதிவுக் கணக்கை நாமே வெளியிட்டது 2025 மே மாதம். நாலு வருஷம். மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

என் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார், ஆட்டோ ஓட்டுபவர். இரண்டு பெண் குழந்தைகள். இரவில் இருமலுக்கு நடுவே எனக்குத் தைரியம் சொன்னவர். அவருக்கு எடுத்த சளிப் பரிசோதனை நெகட்டிவ். சிடி ஸ்கேனில் நுரையீரல் முழுக்க வெள்ளை. ஐந்தாம் நாள் காலையில் கட்டில் காலியாக இருந்தது. இறப்புச் சான்றிதழில் ‘மூச்சுத் திணறல், இதயச் செயலிழப்பு’. கொரோனா என்ற சொல் இல்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் வரை போய் முடிவானபோது, அவர் மனைவி மனுக் கொடுத்தார். இணைக்க வேண்டிய காகிதம் அவரிடம் இல்லை. மாவட்டக் குழுவுக்குப் போங்கள் என்றார்கள், போனார். மூன்று தடவை நானும் கூடப் போய்ப் படியில் உட்கார்ந்திருந்தேன். மனு ‘பரிசீலனையில் உள்ளது’. இதுவும் செய்பவன் இல்லாத வாக்கியம்.

எனவே அவையோரே, வழக்கமான அந்தக் கடைசி வரியை நான் அடித்துவிடுகிறேன். பெயர் விடுபட்டதைப் பொறுத்தருளச் சொல்ல மாட்டேன், நீங்களும் பொறுத்தருளாதீர்கள். அன்று அரசுக் கணக்கில் குணமடைந்தவனாக என்னைச் சேர்த்தார்கள், இறந்தவராக அவரைச் சேர்க்கவில்லை. இரண்டுமே பிழை.